முளை அடிக்காத கூடாரம்

முதல் சத்திரம்
பிப்ரவரி 9

என் மாவுக்கட்டு மகாராணிக்கு,

சம்மட்டி எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நலமா என்று கேட்டால், "நீங்கள் வீட்டில் இல்லையே, நலத்துக்கு என்ன குறைச்சல்" என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. சிட்டு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா, ராத்திரி பயப்படாமல் தூங்குகிறாளா என்று மட்டும் எழுது.

இதை எழுதுகிற நேரத்தில் ஒரு சுவரை இடித்து, கல்லைத் தனியாகவும் கம்பியைத் தனியாகவும் அடுக்கியிருப்பேன். போனில் பேசினால் கத்துவீர்கள், உங்கள் சத்தம் இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, கடிதம்தான் என்று சட்டம் போட்டாய். கட்டுப்பட்டு எழுதுகிறேன். அந்தச் சட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவது சட்டம்தான் என் உயிரை எடுக்கிறது.

சாமியைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் நான்தான். நீ அதோடு விட்டாயா? "சாமி முன்னால யார் வேணும்னாலும் நல்லவனா நடிக்கலாம், நாய் முன்னால முடியாது. மேனேஜரையும் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வரும்போது அது உங்க பக்கத்துல படுத்துத் தூங்கணும். அப்பதான் கதவைத் திறப்பேன்" என்றாய். இப்போது மலை உச்சிக் கோயில் வரைக்கும் என்னை நடத்திக் கூட்டிப் போவது சாமி இல்லை, மேனேஜர்தான். எந்த வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிற நாய்க்குச் சிட்டு சரியான பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.

கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி நடக்கிறது. நான் சட்டென்று திரும்பினால் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. கூட நடக்கிறவர்கள் "ஏன்பா, நாயைப் போட்டு அடிப்பியா?" என்று கேட்கிறார்கள். முறைத்துவிட்டு நடக்கிறேன்.

சத்திரத்தில் நாய்க்கு இடமில்லை. காவல்காரன் வாசலிலேயே கையை நீட்டி மறித்து "ஆள் உள்ள, நாய் வெளிய" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கழுத்தைப் பிடித்து அந்தத் தூணோடு சேர்த்து அழுத்தியிருப்பேன். பிடிக்கவில்லை. மைதானத்தில் கூடாரம் போட்டேன். முளையை ஊன்றிச் சுத்தியலால் ஒரு அடிதான் அடித்தேன், மேனேஜர் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட்டம். பிடித்துவந்து கட்டிப்போட்டு இரண்டாவது முளை. அது கத்திய கத்தலில் சத்திரமே வாசலுக்கு வந்துவிட்டது. மழையில் நனைந்தாலும் நனையுமே தவிர உள்ளே வரமாட்டேன் என்கிறது.

இது நடக்கிற காரியமா என்று நீயே சொல்.

இப்படிக்கு,
சம்மட்டி


வீடு
பிப்ரவரி 16

சிட்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. சிட்டு பள்ளிக்கூடம் போகிறாள். கதவுக்குப் பின்னால் நாற்காலியை வைத்துவிட்டுத்தான் இன்னும் தூங்குகிறாள். நீங்கள் இத்தனை தூரத்தில் இருக்கிறீர்கள் என்று சொன்னாலும் நாற்காலி இல்லாமல் தூக்கம் வரவில்லை.

காவல்காரரின் கழுத்தைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் எல்லாரும்தான் தினமும் யார் கழுத்தையும் பிடிக்காமல் வீடு போய்ச் சேர்கிறார்கள். அதை யாரும் சாதனை என்று கடிதத்தில் எழுதுவதில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் கட்டு அறைக்கு ஒரு பெண் வந்தாள். தோள்பட்டை இறங்கியிருந்தது. மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். பக்கத்திலேயே புருஷன், கையில் ஜூஸ் பாட்டில். டாக்டர் எலும்பை ஏற்றும்போது அவள் போட்ட அலறலில் அந்த ஆள் மயங்கி விழுந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவளும் நான்தான். என் கை உடைந்த அன்று நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கிற நர்ஸ் கட்டு மாவைக் குழைத்துக்கொண்டே அழுதாள்.

உங்கள் அக்கா நேற்று வந்தார். "கோபம் இருக்கிற இடத்துலதாம்மா குணம் இருக்கும். அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். இத்தனை வருஷமாக அடித்த கைக்கும் அடிபட்ட கைக்கும் நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன் அண்ணி, அணைத்ததால் உடைந்தது என்று ஒரு கேஸ்கூட வந்ததில்லை என்றேன். காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் வந்ததும் முறையிடுவார், தயாராக இருங்கள்.

மேனேஜர் ஏன் ஓடுகிறது என்று கேட்கிறீர்களே. நீங்கள் சம்மட்டியால் படுக்கையறைக் கதவைப் பிளந்த அன்று கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நானும் சிட்டுவும் கட்டிலுக்கு அந்தப் பக்கம். கதவுக்கு நேராக நின்று குரைத்தது அது. கதவு விழுந்ததும் நீங்கள் விட்ட முதல் உதை அதற்குத்தான். இரும்பு ஓங்கி விழும் சத்தம் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும்.

நடக்கிற காரியமா இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் உங்களை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் நாயையும் கடிதத்தையும் கேட்டிருக்க மாட்டேன், பூட்டை மட்டும் மாற்றியிருப்பேன்.

காலில் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள்.

சிட்டுவின் அம்மா


மூன்றாம் சத்திரம்
பிப்ரவரி 24

மாவுக்கட்டு மகாராணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். பிறகு உட்கார்ந்து பொறுக்கி எடுத்தேன். ஒரு துண்டு மட்டும் காற்றில் போய்விட்டது. எந்த இடம் என்று தெரியவில்லை, கொப்புளத்துக்கு முந்திய வரியாக இருக்கலாம். கொப்புளத்தை ஏற்கனவே உடைத்துவிட்டேன்.

ஒரு நல்ல சேதி. முளையை அடிக்காமலே இறக்குவதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். கூடாரம் போடும் இடத்தில் முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். முளையைச் சாய்த்து வைத்து, குதிகாலால் மெல்ல அழுத்தி, கொஞ்சம் திருகி, மறுபடி அழுத்த வேண்டும். ஒரு முளை இறங்குவதற்குள் மற்றவர்கள் கூடாரம் போட்டுச் சாப்பிட்டும் முடித்துவிடுகிறார்கள். பரவாயில்லை. சுத்தியலை வழியில் ஒரு தச்சருக்குக் கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளைத் தட்டாமல் நிற்க வைத்தது இதுதான் முதல் தடவை. மேனேஜர் தூரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. ஓடவில்லை.

இன்னொன்று நடந்தது. பயப்படாதே. ஒரு செங்கல் சூளையைத் தாண்டும்போது ஏழெட்டு நாய்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று மேனேஜரின் காதைப் பிடித்துக் குதறிவிட்டது. கையில் கல்லை எடுத்துவிட்டேன். அடுத்த நொடி மேனேஜர் என் கையைப் பார்த்தது. அந்த நாய்களைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தது. கல்லைக் கீழே போட்டேன். சுருட்டிய கூடாரத்தை முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, மேனேஜரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். தொடையில் இரண்டு கடி. சதை தொங்கியது. ரத்தம் செருப்புக்குள் போய்ச் சறுக்கியது. சூளைக்காரர் ஓடிவந்து விரட்டினார். ஊசி போட்டாகிவிட்டது, மிச்ச ஊசிகளைச் சத்திரத்துக்குச் சத்திரம் போட்டுக்கொள்வேன்.

அன்று மேனேஜர் என் தொடைக் கட்டை நக்கிக்கொண்டே இருந்தது. அடியே, நான் அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சிட்டுவிடம் காது சரியாகிவிடும் என்று சொல்.

இப்படிக்கு,
சம்மட்டி


வீடு
மார்ச் 3

சிட்டுவின் அப்பாவுக்கு,

மிச்ச ஊசி ஒன்றைக்கூட விடக்கூடாது. விளையாட்டில்லை. மேனேஜர் காதில் மஞ்சள் களிம்பைத் தடவுங்கள், பையின் பக்கவாட்டில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சிட்டு இரண்டு முறை படித்தாள். அப்பா நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக நடக்கும் படம் ஒன்று வரைந்தாள். அதில் உங்களுக்குக் கையே வரையவில்லை. "ஏன்டி கை இல்லை?" என்று கேட்டேன். "கை நாய்க்குப் பின்னால இருக்கும்மா" என்றாள். படத்தை இதோடு அனுப்புகிறேன். இந்த வாரம் நாற்காலியைக் கதவிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறாள்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சொன்னால் உங்கள் தலை கனத்துப்போகும் என்றாலும். ராத்திரி சாப்பிடும்போது உங்கள் இடம் காலியாக இருப்பது உறுத்துகிறது. போன மாதம் நிம்மதியாக இருந்தது. இந்த மாதம் உறுத்துகிறது. நல்ல மனநிலையில் இருக்கும்போது நீங்கள் சொல்லும் இடிப்புக் கதைகளைப் போல யாராலும் சொல்ல முடியாது. பழைய தியேட்டர் சுவரை இடிக்கப் போய் உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஆந்தைகளுக்காக நீங்கள் ஒரு வாரம் வேலையை நிறுத்திய கதையைச் சிட்டு பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஆந்தைக்குக் காத்திருந்தவரால் எனக்காக ஏன் ஒரு நிமிஷம் காத்திருக்க முடியவில்லை என்று கேட்கத்தான் நினைத்தேன். வேண்டாம், இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

சிட்டுவின் அம்மா


ஐந்தாம் சத்திரம்
மார்ச் 12

என் மகாராணிக்கு,

மேனேஜர் கூடாரத்துக்குள் வந்துவிட்டது! முந்தாநாள் நல்ல மழை. தலையை மட்டும் உள்ளே நீட்டியது. நான் அசையவே இல்லை, செத்த பிணம் மாதிரி கிடந்தேன். பிறகு முழுசாக உள்ளே வந்து என் முதுகில் ஒட்டிப் படுத்தது. விடிகிற வரைக்கும் திரும்பிப் படுக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க மரத்துப்போய் நடக்கிறேன். கதவுக்கு எண்ணெய் போட்டு வை.

வழித்துணைக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். பள்ளிக்கூட பஸ் டிரைவர். வாயை மூடவே மாட்டார், எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பெண்டாட்டிக்குப் பெரிய ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டாளாம், அதற்காக நடக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் கேலி தாங்க முடியவில்லை. நான் முளையை அழுத்துவதைப் பார்த்துவிட்டு "என்னய்யா, முளைக்குக் கால் அமுக்கி விடுறியா?" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கத்தான் செய்தேன், சத்தியமாக.

ராத்திரி கேட்டார், "வீட்டம்மா உத்தரவா?" என்று. ஆமாம் என்றேன். "அப்ப உன்னைத்தான் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போகுது இந்த நாய்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சிட்டுவின் படத்தைக் கூடாரத்துக்குள் மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சம்மட்டி


ஏழாம் சத்திரம்
மார்ச் 19

மகாராணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேனேஜர் போய்விட்டது.

ஆறாம் சத்திரத்து மைதானத்தில் குடித்துவிட்டு நாலைந்து பேர் வந்தார்கள். யாத்திரைக்காரர்கள் இல்லை, வெளியாட்கள். கூடாரத்தைக் கிழித்தார்கள். நாயைச் சீண்டினார்கள். மேனேஜர் எனக்காகக் குறுக்கே நின்றது. கம்பால் அடித்தார்கள். மண்டையில். நான் தடுக்கப் போனதில் என் வலது மணிக்கட்டிலும் அடி, கட்டுப் போட்டிருக்கிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

நான் கை ஓங்கவில்லை. உன்மேல் ஆணையாக, சிட்டுமேல் ஆணையாக, ஒருத்தனைக்கூடத் தொடவில்லை. ஓங்கியிருந்தால் அது பிழைத்திருக்குமோ என்று நினைத்து நினைத்து உடம்பு எரிகிறது. நீ சொன்ன பாடத்தைப் படித்தேன், அதற்கு விலை மேனேஜர். ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

என் பக்கத்தில் அது தூங்குவதை நீ பார்க்க வேண்டும் என்றாய். இனி எதைக் காட்டுவேன்? என் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. நம்பினால் நம்பு.

சம்மட்டி


வீடு
மார்ச் 25

என்னங்க,

நம்புகிறேன்.

சிட்டுவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. மேனேஜரின் தட்டைக் கழுவித் தன் துணி அலமாரியில் வைத்துக்கொண்டாள். நானும் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பாவிகளின் கை அழுகிப் போகட்டும். கட்டுப் போட என்னிடமே வரட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு எந்த சாட்சியும் வேண்டாம். யாத்திரையை முடித்துவிட்டு வாருங்கள், பாதியிலேயே வருவதானாலும் வாருங்கள். புதுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ஒன்றை நானே கழற்றிவிட்டேன்.

மணிக்கட்டை நனைக்காதீர்கள். விரல் நுனி நீலமானால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள்
மாவுக்கட்டு


கடைசிச் சத்திரம்
மார்ச் 31

என் உயிருக்கு,

"நம்புகிறேன்" என்ற ஒரு வார்த்தையை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

மேலே மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. சீர்செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். இங்கேயே இருக்கிறேன். வழியைத் திறந்ததும் ஏறி, சாமியைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து நேராக வீடு. மணிக்கட்டு பரவாயில்லை.

சிட்டுவிடம் வேறு நாய் வாங்கித் தருவதாகச் சொல். இல்லை, வேண்டாம், நானே வந்து சொல்கிறேன். உன்னையும் ஒரு தடவை இந்த வழியில் கூட்டி வர வேண்டும். பழையதெல்லாம் இடித்துத் தள்ளியாகிவிட்டது, இனிமேல் கட்டுவதுதான் வேலை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மேனேஜரைப் பற்றி யார் கேட்டாலும் விவரம் சொல்லாதே. வழியில் என்னென்னவோ வதந்தி உலவுகிறது.

உன்
சம்மட்டி


வீடு
ஏப்ரல் 6

எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. கூப்பிடாமலே எழுதுகிறேன்.

மேனேஜர் உயிரோடு இருக்கிறது. இதை எழுதும்போது என் காலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது. முன்னங்கால் ஒன்றுக்கு நானே கட்டுப் போட்டேன். ஒரு கண் போய்விட்டது. கீழ்த்தாடை கோணலாகத்தான் சேரும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். கஞ்சி குடிக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த மறுநாள் ஆறாம் சத்திரத்துக் காவல்காரர் போன் செய்தார். கழுத்துப் பட்டையின் உட்பக்கம் என் நம்பரை எழுதியிருந்தேன், உங்களுக்குத் தெரியாது. "உங்க நாயாம்மா? இத்தனை நாளா உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு, இப்பதான் பிழைக்கிற மாதிரி இருக்கு, அதான் கூப்பிட்டேன். கூட வந்த ஆளு யாருன்னு தெரியுமா?" என்றார். என் வாய் தானாகத் தெரியாது என்றது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்ன வாய்தானே, பழக்கம். சிட்டுவை நர்ஸ் வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

மைதானத்தில் உங்கள் கூடாரம் அப்படியே நிற்கிறது. கிழியவில்லை. மூன்று பக்கமும் முளைகள் மண்ணில் அழகாக இறங்கியிருந்தன. நாலாவது முளையின் தலை மட்டும் நசுங்கிக் கிடந்தது. எந்த வெளியாளும் வரவில்லை என்று காவல்காரர் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்த டிரைவர் எப்பவும் போலக் கேலி பண்ணிட்டிருந்தாரும்மா. 'ஆம்பளைன்னா ஒரே போடு, இப்படி'ன்னு தன்னோட சுத்தியல எடுத்து முளைமேல ஓங்கி அடிச்சாரு. நாய் அலறிட்டு ஓடிச்சு. நாயோட வந்த ஆளு எந்திரிச்சு சுத்தியலப் பிடுங்கினாரு. முதல் அடி தாடையில. டிரைவர் விழுந்துட்டாரு. அதோட விட்டிருக்கலாம். விழுந்தவர் மேல உக்காந்து அடிச்சாரும்மா. கிட்டப் போக எங்க யாருக்கும் தைரியம் வரல. அந்த நாய் ஓடினது ஓடினபடி போயிருக்கலாம். திரும்பி வந்துச்சு. அடிச்சவர் மணிக்கட்டைக் கவ்விப் பிடிச்சுத் தொங்குச்சு. கடிக்கலம்மா, பிடிச்சுது. விடுன்னு சொல்ற மாதிரி. அவர் அதே சுத்தியலால அதையும் அடிச்சாரு. அது கீழ விழுந்தப்புறமும் அடிச்சாரு. அப்புறம் சுத்தியலப் போட்டுட்டு தோப்புக்குள்ள போயிட்டாரு. திரும்பிக்கூடப் பார்க்கல."

மைதானத்துக்குள் ஒரே ஒரு மரம்தான், நீங்கள் புதைத்ததாகச் சொன்ன அந்த மரத்தையும் பார்த்தேன். அதன் அடியில் டீக்கடை பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

ஒரு கட்டடம் விழுந்ததும் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று போய்ப் பார்க்காமல் நீங்கள் வீடு வந்ததே இல்லை. ஆந்தைக்குக்கூடப் பார்த்தீர்கள். ஒரு நிமிஷம் குனிந்து தொட்டிருந்தால் அதற்கு மூச்சு இருப்பது தெரிந்திருக்கும். காவல்காரர் தொட்டுப் பார்த்தார், தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹாரனுக்கு மண்டையோட்டில் விரிசல், தாடை இரண்டாக உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. எத்தனையோ தாடையைப் பார்த்த என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சு திரும்புமா என்று தெரியாது என்கிறார்கள். பக்கத்தில் அவர் மனைவி. தன் ஆபரேஷன் தழும்பே இன்னும் ஆறாதவள், டம்ளரில் குழாய் போட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள். "நாய்க்காரி" என்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க நாய் மட்டும் குறுக்க வரலன்னா இவரு செத்தே போயிருப்பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. பிழைச்சுக்குமா அது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு!

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, என் புருஷன்தான் என்று சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். எடுக்கத்தானே செய்வாள்.

நீங்கள் அடித்ததற்காக மட்டும் இந்த முடிவு இல்லை. "அடித்துவிட்டேன், நாயையும் கொன்றுவிட்டேன், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உங்களோடு போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சிட்டுமேல் ஆணையிட்டீர்கள். மேனேஜருக்காக நானும் அவளும் அழுதுகொண்டிருந்தபோது என் மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. நாய் செத்தால் என்ன, என் புருஷன் கை ஓங்கவில்லையே என்று. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இதுவரைக்கும் நீங்கள் உடைத்த எதுவும் இந்த அளவுக்கு வலித்ததில்லை.

நீங்கள் முளையைக் குதிகாலால் அழுத்தியது பொய் இல்லை, எனக்குத் தெரியும். கூடாரத்துக்குள் திரும்பிப் படுக்காமல் கிடந்ததும் பொய் இல்லை. அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தத்தான் எனக்கு ஆசை. அவர் ஒரு கேலிச் சிரிப்புக்குக்கூடத் தாங்க மாட்டார் என்றால், சிட்டுவை வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டில் குடியிருப்பது? இவள் வளர வேண்டும், எதிர்த்துப் பேச வேண்டும், ஒருநாள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும்.

இன்று காலையில் உங்கள் பெயர், தொழில், கடைசிச் சத்திரத்து முகவரி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் அக்காவிடமும் நானே சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருப்பவர் இன்ஸ்பெக்டர். வெளியே இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். நீங்கள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும் வரை பொறுக்க வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார்.

படித்து முடித்துவிட்டீர்கள். எழுந்து அவரோடு போங்கள்.